மதகுக்காரனின் மூன்றாவது செடி

முப்பத்தொரு வருடம் மதகு திறந்தவன் நான்.
மதேரா வாய்க்காலில்
எந்தத் தோட்டத்துக்கு எத்தனை மணி நேரம் என்று
சீட்டில் குறித்து, சக்கரம் சுற்றி,
பாதாம் மரங்களின் காலடியில்
தண்ணீர் போய்ச் சேரும் சத்தம் கேட்ட பிறகே
வண்டியைக் கிளப்புவேன்.

என்னிடம் வந்து
ஊற்றாதே என்கிறாள் டியோலிண்டா.

ஃபிளானல் புதர்.
சியரா மலையடிவாரத்தின் சொந்தப் பிள்ளை.
நர்சரியில் வாங்கும்போதே சொன்னார்கள்:
வேர் பிடித்தபின் கோடையில் ஒரு சொட்டும் கூடாது.
தலையாட்டினேன்.

முதல் செடி ஜூலையில் போனது.
சாயங்காலம் ஒரு குவளை, அவ்வளவுதான்.
அதற்கே அடித்தண்டு கறுத்து
இழுத்தால் ஈரத்துணி போலக் கையோடு வந்தது.

இரண்டாவதை நான் தொடவேயில்லை
என்று சத்தியம் செய்தேன்.
ஒழுகுகிற குழாயை
அதன் பக்கமாகத் திருப்பி வைத்ததை
தொட்டதாக எப்படிச் சொல்வது?

மூன்றாவதை நவம்பரில்
மேற்குச் சரிவின் சரளையில் நட்டாள்.
மாரி முடிந்ததும்
தோட்டத்துக் குழாயின் திருகைக் கழற்றிக்
கைப்பையில் போட்டுக்கொண்டாள்.
தேவாலயத்துக்கும் அதோடுதான் போனாள்.

ஆகஸ்ட். நூற்றெட்டு டிகிரி.
இலைகள் ஓரம் சுருண்டு
பழைய கம்பளித் துண்டுகளாய்த் தொங்கின.
இரவு இரண்டு மணிக்கு
மாத்திரைக்கு எடுத்த தம்ளரோடு
செடியருகே நின்றேன்.
முக்கால் தம்ளர் மிச்சம்.
கை தானாகச் சாய்ந்தது,
அதற்கு வேறு வேலை தெரியாது.

குனிந்து மண்ணைக் கிளறினேன்.
மேலே சூடு.
ஒரு விரல் ஆழத்தில் சூடு.
அதற்குக் கீழே எனக்கு எட்டவில்லை.
அதற்கு எட்டுமோ என்னவோ.

மிச்சத் தண்ணீரை நானே குடித்துவிட்டுப் படுத்தேன்.
தூங்கினேன் என்று சொல்ல மாட்டேன்.

ஏப்ரலில் பூத்தது.
கொஞ்சநஞ்சமல்ல,
மடை உடைத்துக்கொண்ட மாதிரி மஞ்சள்.
இதழே கிடையாதாம் இந்தப் பூவுக்கு.
இதழென்று நாம் பார்ப்பது புல்லிவட்டமாம்,
டியோலிண்டா எங்கோ படித்துச் சொன்னாள்.
தேனீக்கள் யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

கிட்டே போய் முகத்தைப் புதைத்தேன்.
இலைச் சுணை கழுத்தெல்லாம் ஏறி
ராத்திரி முழுக்க அரிப்பு.
களிம்பு தடவிக்கொண்டே கேட்டாள்:
திருகைத் திருப்பிக் கொடுக்கட்டுமா?

இன்னும் ஒரு கோடை
உன்னிடமே இருக்கட்டும் என்றேன்.