சரக்கு எடை

வியாழக்கிழமை மூன்று மணிக்கு
செம்பனைக் குலை லோரிகளுக்கு நடுவே
எடைமேடையில் ஏறி நின்றது
நாற்காலி லோரி.
ஏறும்போது எட்டு டன் இருநூறு,
திடலில் இறக்கிவிட்டுத் திரும்புகையில்
ஏழு டன் நாற்பது.
கழித்துப் பார்த்தேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு இருக்கைகளும் சேர்ந்து
ஒரு டன் நூற்றறுபது கிலோ.
சின்ன லோரியின் ஒரு நடைக் குலைக்குக்கூடக் காணாது.
மாநில அரங்கத்தில் இருபத்தாறு வருசம்
எத்தனை பேரைச் சுமந்தவை,
தமக்கென்று வைத்திருந்தது அவ்வளவுதான்.

ரசீதில் 'சரக்கு' என்ற கட்டத்தில்
என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.
கோசோங், என்றார் ஓட்டுநர் ஹம்டான்.
காலி.
ஆள் உட்காராத நாற்காலி
காலிதானே.
அப்படியே எழுதினேன்.

இருக்கை இனாம். போல்ட் இனாமில்லை.
ஒன்றுக்கு நான்கு என்றால்
ஆயிரத்து இருநூற்று நாற்பத்தெட்டு.
லியோங் கடையில் ஒரு போல்ட்
முப்பத்தைந்து காசு.
கிளப் பெட்டியில் இருந்தது
நானூற்றுப் பதினொரு வெள்ளி.
பொருளாளர் நான்தான்,
இருபத்தைந்து வெள்ளி எண்பது காசு
குறையுது டவுக்கே, என்றேன்.
நீங்க கோல் போடுற அன்னிக்கு குடு, என்றார்.
நாங்கள் கடைசியாகக் கோல் போட்டது
தைப்பூசத்துக்கு முந்தின வாரம்.
இது ஆகஸ்டு.

எண் வரிசைப்படிதான் பூட்டணும் என்று
பிடிவாதமாய் நின்றான் வெல்டர் யோகராஜா.
ஜே நான்குக்குப் பக்கத்தில்
ஜே ஐந்து இல்லை.
எம் முப்பத்தொன்று இருந்தது,
முப்பத்திரண்டு வேறெந்தத் திடலுக்குப் போனதோ.
அரைநாள் தேடிவிட்டு
கைக்கு வந்ததைப் பூட்டினான்.
அடிப்பக்கமெல்லாம் சூயிங்கம், கல்லாய்.
ஒன்றில் பேனாவால்
யாரோ எழுதிய தொலைபேசி எண்.
அழைத்துப் பார்த்தான்.
டயர் கடை.

அங்கே கூரை இருந்தது.
இங்கே வானம்.
தண்ணீர் தேங்கினால் டெங்கி அதிகாரி வருவார்,
ஒவ்வொன்றிலும் ஓட்டை போடணும் என்றாள் மேனகா.
டிரில்லும் அவளே எடுத்துவந்தாள்.
குழிந்த இடம் பார்த்து
ஐந்து காசு அளவுக்கு ஒன்று.
மேலே சுண்ணாம்பாய் வெளுத்துக் கிடந்த பிளாஸ்டிக்
உள்ளேயிருந்து
சுருள் சுருளாய் வந்தது,
மஞ்சள் மஞ்சளாகவே,
சிவப்பு சிவப்பாகவே.
புல்லில் அதைப் பொறுக்கிக்கொண்டிருந்த பிள்ளைகளை
யாரும் விரட்டவில்லை.

ஞாயிறு, ஐந்து மணி ஆட்டம்.
முந்நூற்றுப் பன்னிரண்டும் நிரம்பி
வழிந்தது.
பத்து நிமிசம்.
பிறகு ஒருத்தர் கையை நெற்றியில் வைத்தார்,
அடுத்தவர் தொப்பியை இறக்கினார்,
பந்து எங்கே என்று ஒரு குரல்,
ஆலைப் புகைக்கூண்டுக்குப் பக்கத்தில்
நேரே முகத்தில் அடித்துக்கொண்டு
சூரியன்.
இத்தனை வருசமும் எல்லாரும் ஏன்
மேற்கு ஓரத்தில்
மோட்டார்களில் சாய்ந்தே பார்த்தோம் என்பது
மேடை கட்டி முடித்த பிறகு விளங்கியது.
யோகராஜாவை ஒருவரும் திட்டவில்லை.
இடைவேளையில் எழுந்து
திடலின் குறுக்கே நடந்து
பழைய இடத்தில் போய் நின்றுகொண்டார்கள்.

ஏழு பேர் எழவில்லை.
ரஃபிக்குல், அவனுடன் ஆலைக்கு வந்த பையன்கள்.
கொதிகலன் பக்கம் பன்னிரண்டு மணி நேரம்
நின்றுவிட்டு வந்தவர்கள்.
வெயில் ஒரு பொருட்டா.
வாளிபோல் கால்களை முன்னே தள்ளி வைத்து
எம் முப்பத்தொன்றில்
கண்ணை மூடிக் கிடந்தான் ரஃபிக்குல்.
நானும் எழவில்லை,
வசூல் டப்பா மடியில் இருந்தது.

எழுபத்தெட்டாவது நிமிசம்
எதிரணிக்காரன் ஒருவனின் முட்டியில் பட்டு
அவன் வலைக்கே போனது பந்து.
சேம்சைடு.
மேற்கு ஓரத்திலிருந்து எழுந்த கூச்சலுக்கு மேலே
லியோங் குரல் தனியாய்க் கேட்டது:
கோல் கோல்தான்,
இருபத்தைந்து எண்பது!

ரஃபிக்குல் கண்ணைத் திறக்காமலே
இரண்டு தடவை
கைதட்டினான்.