சட்டகத்துக்குக் கீழே

நெஞ்சுவரைக்கும்தான் பிரான்சுக்குத் தெரியும்:
பட்டுச் சட்டை, முத்துத் தோடு,
கடற்காற்றுக்கும் மசியாத தலைமயிர்.
அதற்குக் கீழே,
புறக்கோட்டையில் நான் பேரம் பேசி வாங்கிக் கொடுத்த
நீல றப்பர்ச் செருப்பு.
‘ஒடில் கெர்வெல்லா, கொழும்பிலிருந்து’ என்று
ஒவ்வொரு முறையும் அதில் நின்றுதான் முடித்தாள்.

நான் யோகாம்பிகை. அவளுக்கு வெறும் ‘யோ’.
மாலை வகுப்பில் படித்த பிரெஞ்சு,
வங்கியில் தட்டெழுத்து உத்தியோகம்.
நாளுக்கு நாற்பது டொலர் என்றார்கள்,
தடிமன் என்று லீவு போட்டேன்.

வான் சோதனைச் சாவடிகளில் நின்ற நேரங்களில்
அவள் கதை துண்டு துண்டாக வந்தது.
பிரெத்தாஞ் கரையில் ஓர் ஊர்.
தாய்க்கு மத்தி மீனை டின்னில் அடுக்கும் வேலை.
இருபத்திரண்டு வயதில்
மாகாணத் தொலைக்காட்சியில் வானிலை வாசித்தாளாம்.
“எங்கட பக்கம் அது சுகம், யோ.
மழை என்று சொன்னால் பிழைக்காது.”
பிறகு பெய்ரூட்.
பிறகொரு கலியாணம்,
அது பெய்ரூட் அளவுக்கும் நீடிக்கவில்லை.
பிறகு நாங்கள்.

எண்பத்தேழில் வந்தாள்.
தொண்ணூற்றாறில், கோட்டையில்
கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி முடிய முன் வந்தாள்.
கடல் ஏறிய வருடம் மூன்றாம் நாளே.
வரவர கமரா சிறுத்தது,
எங்களுக்குக் கிடைத்த நேரமும்.
மூன்று நிமிடம். இரண்டு பத்து. ஒன்று நாற்பது.
பாரிசிலிருந்து ஒருவன் தொலைபேசியில் கேட்பான்,
யானை ஏதும் எடுத்தீர்களா?

அந்தத் தொண்ணூற்றாறில்தான்
கொட்டாஞ்சேனை லொட்ஜ், அறை பதினான்கு.
பொலிஸ் பதிவுத் துண்டைப் பொலித்தீனில் சுற்றி
மடியில் வைத்திருந்தாள் ஒரு தாய்.
மகனைக் கொண்டுபோன இரவை
நான்கு நிமிடம் சொன்னாள், அழாமல்,
சீட்டுக்கணக்கு ஒப்புவிப்பவள்போல.
மூன்றாவது நிமிடத்தில் ஒரு பெயர்.
பதவி, பெயர், ஜீப்பின் இலக்கம்.

நான் விழுங்கினேன்.
பிரெஞ்சில் அதற்கென்றே ஒரு குட்டிச் சொல் இருக்கிறது,
‘ஓன்’.
ஆணில்லை, பெண்ணில்லை, முகமில்லை.
‘ஓன்’ வந்தார்கள், ‘ஓன்’ கொண்டுபோனார்கள்.
அவள் என் வாயையே பார்த்திருந்தாள்,
எல்லாம் சொல்லிப் போட்டியா பிள்ளை என்பதுபோல.
தலையாட்டினேன்.

பிறகு திரைகள் துல்லியமாகிவிட்டன.
கண்ணோரச் சுருக்கங்கள் வீடுவீடாய்த் தெரிந்தனவாம்.
ஒடிலை ஒரு மேசைக்கு மாற்றினார்கள்,
கடைசியில் கேக் வெட்டி அனுப்பினார்கள்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில், பென்சன்காரியாய்,
கமரா இல்லாமல் வந்தாள்.
பெற்றோல் இல்லாத ஊர்.
கொள்ளுப்பிட்டியிலிருந்து நடந்தே போனோம்
காலிமுகத் திடலின் கூடாரங்களுக்கு.
இறால் வடை வாங்கி,
எண்ணெய்க் கடதாசியைப் பார்த்தபடி
அந்தப் பெயரைச் சொன்னேன்.

“தெரியும்,” என்றாள்.
லா ஷப்பலில் ஒரு மளிகைக் கடைக்காரருக்கு
அந்த வாரமே கசெட்டைப் போட்டுக் காட்டினாளாம்.
வெண்டிக்காய் பில்லின் பின்பக்கத்தில்
அவர் பெயரை எழுதிக் கொடுத்தாராம்.
“பிறகு?”
“பிறகு நானும் வெட்டினேன்.
பதினொரு செக்கன் வைத்தேன்.
துண்டை மடிக்கிற கை மட்டும்.”

இருபத்தாறு வருடம்
ஒரு பெயரை இரண்டு வாய்கள்
ஒன்றுக்கொன்று தெரியாமல் காவல் காத்திருக்கின்றன.
தாயை யாரும் தொடவில்லை. அது தெரியும்.
மகன் வரவில்லை. அதுவும் தெரியும்.
இதை எந்தத் தட்டில் வைப்பது என்று
நாங்கள் இருவரும் கேட்கவில்லை. வடை ஆறிப்போனது.

“அன்ரி, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ,
ஃபிரேமுக்குள்ள வாறியள்.”
ஒரு பொடியன், நீட்டிய கையில் போன்,
அதற்குள் அவனும் கடலும் கூட்டமும்.
மொழிபெயர்க்க வாயெடுத்தேன்.
அவள் ஏற்கெனவே இரண்டு அடி தள்ளியிருந்தாள்.
தள்ளி நின்று,
அவன் முகத்தையல்ல,
குனிந்து அவன் காலைப் பார்த்தாள்.

வெறுங்கால்.