எடைச்சீட்டு

பதினோராவது லோடு.
எடைமேடையில் ஏறி நிற்கிறது டிப்பர்.
பின்கதவு இடுக்கில் ஒழுகுகிறது
செல்லூர்க் கண்மாய்.

டன்னுக்கு இவ்வளவு என்று பேச்சு.
அதனால் நனைய நனைய ஏற்றச் சொல்கிறார் கான்ட்ராக்டர்.
ஒருநாள் கரையில் கிடந்தால்
பாதி காற்றோடு போய்விடுமாம்.

ஆகாயத்தாமரை என்கிறார்கள்.
போன வாரம் வரை
இந்தத் தண்ணீர் ஆகாயத்தையே பார்த்ததில்லை.

மிதவை இயந்திரத்தில் ஒச்சப்பன்
அள்ள அள்ள
வேர்க்கொத்தோடு வருகின்றன
ஒற்றைச் செருப்பு,
பிளெக்ஸில் யாருடைய சிரிப்போ பாதி,
உயிரோடு ஒரு விரால்.
விராலை மட்டும் திரும்ப வீசினான்.
வீசிவிட்டு எட்டிப் பார்த்து
“எங்கிட்டுடா போவ?” என்றான்.

வடக்கு மூலையில் குழாய்
ஊரின் நேற்றைய குளியலை
ஊற்றிக்கொண்டே இருக்கிறது.
அது எங்கள் டெண்டரில் வராது.

சாயங்காலம் சீட்டில் எழுதினேன்:
நாற்பத்தாறு டன்.
அதில் செடி எவ்வளவு, கண்மாய் எவ்வளவு
யாரும் கேட்கவில்லை.

ஸ்கூட்டியை எடுக்கும்போதுதான் பார்த்தேன்,
மட்கார்டில் ஒட்டி
விரலளவு தண்டு, ஒரு ஊதாப் பூ.
பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.
என் வீடு
வண்டியூர்க் கண்மாய்க்கு எதிரே.