மறியலில் மூன்று பழங்கள்

பதினெட்டு டன் வெண்ணெய்ப்பழம் என் முதுகுக்குப் பின்னால்.
ஒன்றைக்கூடத் தின்ன முடியாது.
கல்.
எல்லைக்கு அப்பால் யாரோ ஒருவர் கூடையில்
விழுகிற நாளில்தான் கனிய வேண்டுமென்று
குளிரூட்டி அவற்றை உறங்கவைத்திருக்கிறது.
அது உறங்காமல் டீசல் குடிக்கிறது.
முள் இறங்கிக்கொண்டே இருக்கிறது.

உருவாப்பான் தாண்டிச் சுங்கச்சாவடியில்
வாத்தியார்கள் சாலையில் உட்கார்ந்து ஒன்பது மணி நேரம்.
மூன்று மாதச் சம்பளம் வரவில்லையாம்.
பாக்கி என்றால் என்னவென்று எனக்கும் தெரியும்.
ஆனாலும் ஹாரன் அடித்தேன்.
வெகுநேரம் அடித்தேன்.

முன்வண்டிக்காரி ஒப்துலியா இறங்கி வந்தாள்.
அவள் லாரி முழுக்கத் தக்காளி.
"உன் சரக்கு பழுக்காது, என் சரக்கு அழுகும்,
நடுவில் நமக்குப் பசி" என்றாள்.

இருக்கைக்குப் பின்னால் செய்தித்தாளில் சுற்றி
ஒரு வாழைப்பழத்தின் துணையோடு
மூன்றை வைத்திருந்தேன், மகள் சியோமாராவுக்கு.
சனிக்கிழமைக்கென்று நாள் எண்ணி வைத்தவை.
காம்பைக் கிள்ளிப் பார்த்தேன்.
அடியில் இளம்பச்சை.
என் கணக்கை விட ஒரு நாள் முந்திவிட்டன.
இந்தப் பழத்துக்குப் பொறுமை கிடையாது.
நேற்றுவரை கல், இன்று வெண்ணெய்,
நாளை யாருக்கும் வேண்டாத கறுப்பு.

சரி என்றேன்.
சொன்னது எனக்கே கேட்கவில்லை.

என்னிடம் எனாமல் கிண்ணமும் உப்பும்.
அவளிடம் ஒரே ஒரு எலுமிச்சை.
மிளகாய்க்கு எங்கே போக?
மறியலுக்குத்தான் போக வேண்டியிருந்தது.

எர்மீலோ என்று ஒருவர் எழுந்து வந்தார்.
ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடத்துகிறவர்.
கையில் வெங்காயம், கொத்தமல்லி,
இரண்டு மிளகாய், துணியில் பொதிந்த தொர்தியா.
"ஹாரன் அடித்தது நீதானே?"
நானில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.
"நல்ல ஹாரன்" என்று சொல்லிவிட்டு
வெங்காயத்தை நறுக்க உட்கார்ந்தார்,
அரையை அரையாக, காலைக் காலாக,
கண்ணுக்குத் தெரியாத வகுத்தி வரைக்கும்.

முதலில் மிளகாயும் வெங்காயமும் உப்பும்.
பாட்டிலின் அடியால் நசுக்க நசுக்க
கிண்ணம் அழத் தொடங்கியது, நாங்களும்.
பிறகுதான் பழம்.
கத்தி கொட்டையைச் சுற்றி ஒரு வட்டம் போக,
ஒரு திருகு.
உள்ளே ஒரு நாரில்லை, ஒரு கறையில்லை.
கரண்டியில் அள்ளினால் தோலே விட்டுக்கொடுத்தது.

"மைபோல் மசிக்காதே, பல்லுக்கு ஏதாவது வை" என்றாள்.
தக்காளி போடலாம் என்றாள்.
தக்காளி போட்டால் அது சாலட் என்றார் வாத்தியார்.
இதற்கு ஒரு மறியலே நடந்தது.
கடைசியில் ஒன்று போட்டோம், விதையை உதறிவிட்டு.
எலுமிச்சையைப் பிழிந்தபோது
பின்வண்டிகளின் விளக்கு வெளிச்சத்தில்
பச்சை இன்னும் பச்சையானது.

எத்தனை பேர் வந்தார்கள் என்று நான் எண்ணவில்லை.
மூன்று பழம் எத்தனை பேருக்கு வரும்?
பின்னம் தெரிந்தவர் விரலால் கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தார்.

கொட்டையை உள்ளே போட்டால் கறுக்காது என்பார்கள்.
போட்டோம்.
கொட்டை உட்கார்ந்த இடம் மட்டும் பச்சையாக இருந்தது,
சுற்றிலும் கறுத்தது.
மேலாகச் சுரண்டி எறிந்துவிட்டு
அடியில் இருந்ததைத் தின்றோம்.

நாலரைக்கு வழிவிட்டார்கள்.
சம்பளம் வந்ததா என்று கேட்க நினைத்தேன்,
அதற்குள் பின்னாலிருந்து எவனோ ஹாரன் அடித்தான்.

கொட்டைகள் மூன்றும் கண்ணாடிக்கு முன்னால்
வளைவுதோறும் உருள்கின்றன.
சியோமாராவுக்கு என்ன சொல்வது?
முதுகுக்குப் பின்னால் பதினெட்டு டன்,
இன்னமும் கல்.