நீலம் ஏற்காதவை

களக்காட்டில் வாழைக்கு மருந்தடித்தவள் நான்.
முதுகில் பதினாறு லிட்டர், வாயில் ஈரத்துணி.
நாசில் அடைத்தால் ஈர்க்குச்சியால் குத்து,
வாயால் ஊதாதே, காற்றுக்கு எதிரே நிற்காதே.
தெளிப்பைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

இப்போது பாளையங்கோட்டை, மூன்றாம் மாடி, ஏசி அறை.
ஊசிமுனைக்குப் பன்னிரண்டாயிரம் வோல்ட்.
சிரிஞ்சுக்குள் ரோஸ்மில்க் நிறத்தில்
பூதத்தானின் தோல்.

பேட்டை ஆலையில் நீராவிக் குழாய் பிய்த்துக்கொண்ட அன்று
வேகாமல் மிஞ்சிய தொடையிலிருந்து
தபால்தலை அளவு எடுத்தது.
முப்பத்தேழு டிகிரியில் வளர்த்தோம்;
சித்திரையில் எங்கள் ஊருக்கு அது குளிர்.
இது அவன்மேல் போகாது, இப்போதைக்குத் தட்டில் மட்டும்.
சொல்லித்தான் கேட்டோம்.
இடதுகையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு
"தெளிக்கையில வலிக்குமாம்மா?" என்றான்.
"எனக்கில்ல. அதுகளுக்கு."

சுவிட்சைத் தட்டினேன்.
துளி கூம்பாக மெலிந்தது, நூலானது,
நூல் உடைந்து
ஐந்தருவிக்கு எட்ட நிற்கிறவன் முகத்தில் படுமே,
அதைவிடப் பொடியாக இறங்கியது.
மருந்தடிக்கையில் வரும் சீறல் இல்லை.
அந்த அமைதிதான் பயமாக இருந்தது.

பிறகு நீலச்சாயம்.
செத்தது நீலத்தை உள்ளே விட்டுவிடும்,
தாழ்ப்பாள் போட ஆளில்லை.
உயிருள்ளது விடாது,
வெளிறிப்போய் முறைத்துக்கொண்டு நிற்கும்.
கட்டம் கட்டமாக எண்ணினேன்.
மேல்கோட்டிலும் இடக்கோட்டிலும் நிற்பது கணக்கில் சேரும்,
மற்ற இரண்டு கோட்டில் நிற்பது சேராது.
நூற்றுக்கு அறுபத்திரண்டு.

கோமதிநாயகம் சார் எட்டிப்பார்த்தார்.
"போன வாரம் எண்பத்தொன்பது. திரும்ப எண்ணு, ஞானப்பூ."
எண்ணினேன். அறுபத்தொன்று.
"நடுவுல கரண்ட் துடிச்சிருக்கும்."
"துடிக்கல சார்."
கொஞ்ச நேரம் ஏசி மட்டும் பேசியது.
மைப்பேனாவால் எழுதினேன்: அறுபத்தொன்று.

மறுநாள் காலை, பை கூட இறக்கி வைக்காமல்
தட்டை எடுத்துப் பார்த்தேன்.
பிழைத்தவை கால் ஊன்றியிருந்தன.
ஓரத்தில் ஒன்று இடுப்பு ஒடுங்கி
இரண்டாகிக்கொண்டிருந்தது.
பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

மத்தியானம் ஹைகிரவுண்ட் வார்டில்
கொசுவலைக்கு வெளியே நின்று சொன்னேன்:
நூற்றில் முப்பத்தொன்பதுக்கு வலித்திருக்கும்.
"மிச்சம்?"
மிச்சத்துக்குப் பசி.
தீனி மாற்றணும், வாரேன்.