வடிகால்

"பஞ்சர் கடை வைக்கப் போறீங்களா?" என்றார்
மாயவரத்தில் கலியமூர்த்தி.
ஓவர்லாக் மிஷினுக்கு என்றேன்.
பிரஷ் போட்டாலும் போகாது,
பல்லுக்கடியில் திரண்டு கிடக்கும் பஞ்சு.
வாயால் ஊதி ஊதி
பதினோரு வருஷத்தில் பாதிப் பஞ்சு
என் நெஞ்சுக்குள்.
அவர் சிரிக்கவில்லை.
இரண்டு கம்ப்ரஸரை எடுத்து முன்னால் வைத்தார்.

ஒன்று எண்ணெய் ஊற்றுவது.
சத்தம் கம்மி, உழைப்பு கெட்டி,
"ஆனா காத்தோட ஒரு பொட்டு எண்ணெய் வரும்."
பட்டுத்துணிக்கு ஒரு பொட்டு போதும்.
மற்றது எண்ணெய் கேட்காது. கத்தும்.
கத்துவது வெளியில் தெரிந்துவிடும்,
கறை தைத்து முடித்த பிறகுதான் தெரியும்
என்று கத்துவதையே வாங்கினேன்.
இருபத்துநாலு லிட்டர் டேங்க்,
தூக்க ஒரு கைப்பிடி, உருட்ட இரண்டு சக்கரம்.
குத்தாலம் பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார்:
"இதுக்கு அரை டிக்கெட்டா, முழுசா?"

முதல் வாரம் நீளமான ஒயர் இழுத்துப் போட்டேன்.
மெலிசு ஒயர். தொட்டால் சுட்டது.
இப்போது சுவர் பிளக்கில் நேராக.
சாயங்காலம் ஏழு மணிக்கு எங்கள் தெரு மின்சாரத்துக்குச் சோகை;
மோட்டார் முனகும், சுற்றாது.
அதனால் காலை பத்துக்கு,
பிலோமினா வீட்டுக் குழந்தை முழித்திருக்கும்போது,
ஒரு தரம் நிரப்பி வைத்துக்கொள்வேன்.
மீதிக் காற்றுக்குச் சைக்கிள் பிள்ளைகள் வருவார்கள்.
'டயருக்கு ஐந்து ரூபாய்' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.
வாங்குவதில்லை.
எழுதி ஒட்டினால்தான் நன்றி சொல்கிறார்கள்.

சித்திரையில் மரகதவல்லி மகளின் கல்யாண ரவிக்கை.
சந்தன நிறம்.
தையலோரத்து நூல்பிசிரை ஊதலாம் என்று
காற்றுத் துப்பாக்கியை அழுத்தினேன்.
துப்பியது.
இடது தோளில், மிளகு அளவு, துரு.

எலுமிச்சை. உப்பு. சோப்பு. அழுகை.
கடைசியில் அதன் மேல் மணி கோத்து
ஒரு மாங்காய் போட்டேன்,
ஜோடிக்கு வலது தோளிலும் ஒன்று.
பெண் கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.
அதற்குத் தனிக்கூலி வாங்கினாயா
என்று மட்டும் யாரும் கேட்க வேண்டாம்.

போனில் கலியமூர்த்தி:
"அடியில வடிகால் திருகு இருக்கே, திறக்கிறீங்கள்ல?"
மூன்று மாதம். ஒரு தடவை கூட இல்லை.

படுத்துப் பார்த்தேன். இருந்தது, டேங்கின் அடிவயிற்றில்.
திருகினேன்:
சீறல், பிறகு டிகாஷன் நிறத்தில்
முக்கால் டம்ளர் தண்ணீர்.
நான் ஊற்றாத தண்ணீர்.
வெளியே ஆறு வெறும் மணல்,
மேட்டூர் திறக்க இன்னும் ஒன்றரை மாதம்,
உள்ளே காற்றைப் பிழிந்து பிழிந்து
இவ்வளவு சேர்த்திருக்கிறது இந்தச் சிவப்புப் பானை.

வைத்தீஸ்வரன்கோயிலில் பிறந்து,
பேரிலேயே தையலை வைத்துக்கொண்டு,
வாய்க்கால் இருக்கும் வயலுக்கு
வடிகாலும் வேண்டும் என்று தெரிந்த ஊர்களிலேயே வளர்ந்தவள்.
எனக்குக்கூட
காற்றுக்கு அது தோன்றவில்லை.

இப்போது தினமும் கடை மூடும்போது
பிளக்கைப் பிடுங்குவேன். வளையத்தை இழுப்பேன்.
முள் பூஜ்ஜியத்துக்கு இறங்க இறங்க
அது பெருமூச்சு விடும், நானும்.
பிறகு திருகு, கீழே ஒரு எவர்சில்வர் கரண்டி.
ஞாயிறு வடிகட்டிப் பஞ்சை அலசி நிழலில் காயப்போடுவேன்;
அறுப்பு மாதம் என்றால் இரண்டு நாளுக்கொரு தரம்,
தூசியில் பாதி நெற்சுணை.
குழாய் மூட்டில் சோப்பு நுரை தடவி
குமிழ் வருகிறதா என்று பார்ப்பேன்.

வடிந்த கணக்கை
ரசீதின் பின்பக்கம் எழுதி வருகிறேன்,
ஏனென்று தெரியாது.
வைகாசியில் ஒரு நாளைக்கு அரைக் கரண்டி.
குத்தாலத்துக்கு ஆறு வந்த வாரம்
ஒன்றரை.