டீசலுக்குப் பத்து

சாவியை என் கணவரிடம்தான் நீட்டினான் பர்மீத்.
அவர் கையைக் கட்டிக்கொண்டு என்னைக் காட்டினார்.
"மேடமா ஓட்டப்போறாங்க?"
இந்தியில் கேட்டாலும் அந்த 'மா' எனக்குக் கேட்டது.

முதலில் டீசல்.
க்ளட்ச் கனம், காலையில் முதல் படி ஏறும் முழங்கால் மாதிரி.
பட்பர்கஞ்ச் தொழிற்பேட்டையைத் தாண்டும்வரை
ஒரு லாரி, நாலு பேட்டரி ரிக்‌ஷா,
எதிர்த்திசையில் எருமைமாடு போல நிதானமாக
ஒரு தண்ணீர் டேங்கர்.
இரண்டாம் கியரைத் தாண்ட யாரும் விடவில்லை.

பின்சீட்டில் நன்மாறன்,
பதினாறு வயது, ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு.
சீட்டின் வழியாக என் இடுப்பில் அவன் முழங்கால்.
"இடிக்குது" என்றான்.
வீட்டில் ஒரு நாளைக்குப் பேசுகிற அளவு அதுவே.

நெடுஞ்சாலைக்கு ஏறியதும்தான் தெரிந்தது.
இரண்டாயிரம் சுற்றுக்குக் கீழே
கேட்டதற்குப் பதில் இல்லை. யோசிக்கிறது.
தாண்டிவிட்டால் முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது.
பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தேன்.
இருபத்திரண்டு வருஷமாகப் பழகிய எஞ்சின்தான்.

செங்கோடன் மடியில் மின்கட்டண ரசீது,
அதன் பின்புறம் மூன்று நாள் கணக்கு:
விலை வித்தியாசம் ஒரு லட்சத்துப் பத்தாயிரம்,
ஆர்.கே.புரம் போய்வர தினம் நாற்பது கிலோமீட்டர்,
லிட்டருக்கு ஐந்து கூடுதல்,
கம்பெனி சொல்வதில் மூன்று கழித்துக்கொள்ள வேண்டும்,
எந்தப் பக்கம் கூட்டினாலும்
டீசல் தன் கடனைத் தானே அடைக்க
ஏறக்குறைய ஐந்து வருஷம்.

"ஆனா சார்," என்றான் பர்மீத், அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்வதுபோல,
"டில்லியில டீசலுக்குப் பத்து வருஷம்தான்.
பெட்ரோலுக்குப் பதினைஞ்சு."
"அப்புறம்?"
"ஸ்க்ராப். இல்லேன்னா என்.ஓ.சி. வாங்கி
வேற ஊருக்குக் கொண்டுபோயிடலாம்."

வேற ஊர்.
காருக்குள் ஏ.சி. மட்டும் பேசியது.

எனக்கு நாற்பத்தொன்பது. அறுபதில் ஓய்வு.
டீசல் எனக்கு ஒரு வருஷம் முன்னாலேயே
பென்ஷன் இல்லாமல் வீட்டுக்குப் போய்விடும்.

திரும்பி வந்து பெட்ரோல் வண்டிக்கு மாறினோம்.
அக்ஷர்தாம் சிக்னலில் நின்றபோது
அணைந்துவிட்டதென்று நினைத்துச்
சாவியை மறுபடி திருப்பினேன். கிர்ர்ர்.
ஓடிக்கொண்டிருந்ததுதான்.
பர்மீத் தன் பல்லைக் கடித்துக்கொண்டான்.
நன்மாறன் சிரித்தான், ஜூனுக்குப் பிறகு முதல்முறை.

பதினைந்து என்றால்
எனக்கு அறுபத்துநாலு, அவருக்கு அறுபத்தேழு,
இவன் முப்பத்தொன்று, முழங்கால் எந்த ஊரில் இடிக்குமோ.
ஓய்வுக்குப் பிறகு எங்கே என்பதை
நாங்கள் இதுவரை பேசியதே இல்லை.
ஈரோட்டுப் பக்கம் ஒரு மனைக்கு அவர் தவணை கட்டுகிறார்.
மூன்றாம் மாடி வீட்டுக்கு லிஃப்ட் வைக்க
சொசைட்டி கூட்டத்தில் நான் கை தூக்குகிறேன்.
இரண்டு ரசீதும் ஒரே டிராயரில்தான் கிடக்கின்றன.

நிஜாமுதீன் பாலத்தில் யமுனை நாற்றம்.
கண்ணாடியை ஏற்றினேன்.
எனக்கு இந்த நாற்றமும் பழகியிருக்கிறது
என்று அப்போதுதான் கவனித்தேன்.

ஷோரூம் வாசலில் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு
"பெட்ரோல்" என்றேன்.

அவர் ரசீதை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.
இரண்டாயிரம் சுற்றுக்குக் கீழே.
பர்மீத் ஆர்டர் படிவத்தையும் பேனாவையும் கொண்டுவந்து
யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றான்.

"கறுப்பு வேணாம்," என்றார் கடைசியில்.
"இந்த ஊர்த் தூசியைப்
பதினைஞ்சு வருஷம் யாரு தொடைக்கிறது?"